ஆடையும் அமானிதமும்

மனிதன் ஆடைக்காகவா, ஆடை மனிதனுக்காகவா? ஆடை மனிதனுக்காகத்தான் என்று சிறு குழந்தையும் விடை கூறிவிடும். ஆயினும் உலக நடப்பைச் சற்றே உற்று நோக்கினால், அந்த எளிய விடையை நாம் நாள்தோறும் மறந்து வாழ்கிறோம் என்பது விளங்கும். தறியோசை கேட்கும் ஆரணியையும், ஆரவாரம் நிறைந்த கால்பந்து மைதானத்தையும், மிதிவண்டி ஓடும் சாலையையும் ஒருசேர நினைத்துப் பார்த்து, இவ்வினாவுக்கு உரிய விடையைத் தேடுவோம்.

ஆடையின் அழகை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. மானத்தை மறைப்பதும் அழகு சேர்ப்பதுமான ஆடையை இறைவனின் அருட்கொடை என்றே திருமறையின் ஏழாம் அத்தியாயம் உணர்த்துகிறது. அதனினும் மேலானது இறையச்சம் என்னும் ஆடை என்று அறிவுறுத்துகிறது. அதே அத்தியாயம் தொழுமிடங்களில் அழகு செய்துகொள்ளப் பணித்து, வீண்விரயத்தையும் உடனே தடுக்கிறது. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. எனினும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இரு தோழர்களும் தோல் அரிப்பால் வருந்தியபோது, பட்டணிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்ததை நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். ஆடையைப் பற்றிய விதியிலேயே அணிபவனின் உடல் துயருக்கு இடமளித்த மார்க்கம் இது. அழகு வேண்டும்; அளவு வேண்டும்; அணிபவர்பால் இரக்கமும் வேண்டும் என்னும் மூன்று நெறிகள் இங்கே நமக்குக் கிடைக்கின்றன.

இனி ஆரணிக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இவ்வூர் அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. இங்கே ஒரு பட்டுப்புடவையின் கரையிலும் முந்தானையிலும் பூவும் கொடியும் எவ்வாறு பூக்கின்றன? வடிவம் முதலில் கட்டமிட்ட தாளில் வரையப்படுகிறது. தாளில் உள்ளபடி அட்டைகளில் துளை குத்தப்படுகிறது. அட்டைகளை வரிசையாகக் கோத்து, தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டில் ஏற்றுகிறார்கள். துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும். துளையற்ற இடத்தில் அடங்கி நிற்கும். எழுந்த இழைக்கும் அடங்கிய இழைக்கும் நடுவே ஊடை ஓடும். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804இல் உருவாக்கிய முறை இது. இன்று கணினி வழியே வடிவத்தை ஏற்றும் தறிகளும் வந்துவிட்டன. எனினும் அடிப்படை மாறவில்லை.

இம்முறையில் ஒரு பெரிய உண்மை பொதிந்திருக்கிறது. அட்டையில் ஒரு துளை தவறி விழுந்துவிட்டால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பிழை துணியில் விழும். நெசவாளர் எத்துணைக் கைத்திறன் மிக்கவராயினும், எத்துணை நேர்மையாளராயினும், அப்பிழையை அவர் நெய்துகொண்டே இருப்பார். தவறு செய்தவர் ஒருவர். அதைச் சுமப்பவர் பலர். வடிவமைப்பு என்பது வெறும் அலங்காரக் கலையன்று, பிறர் செயலுக்கு முன்கூட்டியே வழிவகுத்துவிடும் பொறுப்பு என்பதை இதனால் உணர்கிறோம். பொறுப்பு என்று வந்துவிட்டால் அது அமானிதம் அன்றோ?

கால்பந்துத் துறையில் இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக ஜோர்தான் தலைநகர் அம்மானுக்குச் சென்ற ஈரானிய மகளிர் அணி, தலைமுடியும் கழுத்தும் மறைத்து உடுத்தியிருந்த காரணத்தால் ஆட அனுமதிக்கப்படவில்லை. தலைத்துணியால் கழுத்து இறுகிவிடக்கூடும் என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. உயிருக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் அச்சத்துக்கு விடை, பெண்ணை வெளியே நிறுத்துவதா, துணியைத் திருத்துவதா? துணியைத் திருத்தலாம் என்று முன்னரே காட்டியிருந்தார் டச்சு நாட்டு வடிவமைப்பாளர் சிண்டி வான் டென் பிரேமன் என்னும் பெண்மணி. உடற்பயிற்சி வகுப்புகளில் முஸ்லிம் மாணவியர் அடைந்த இடரைக் கண்டு, விளையாட்டுக்கேற்ற தலைமறைப்பை அவர் 1999 முதலே உருவாக்கி வந்தார். இழுத்தால் எளிதில் விடுபடும் பிடிப்புகள் கொண்ட வடிவங்கள் ஆராயப்பட்டன. விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் கால்பந்து வாரியம் 2012இல் சோதனை முறையிலும், 2014 மார்ச்சில் நிலையாகவும் தலைமறைப்புக்கு இசைந்தது. 2023ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபுடன் களமிறங்கினார். அப்போட்டியில் அவருடைய அணி தென்கொரியாவை ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றது.

ஆயினும் வடிவமைப்பால் எல்லாத் தடைகளையும் நீக்கிவிட முடியும் என்று நாம் மயங்கலாகாது. அதே 2023ஆம் ஆண்டு ஜூனில், பிரெஞ்சுக் கால்பந்துச் சங்கம் விதித்திருந்த ஹிஜாப் தடையை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. துணியில் உள்ள குறையை ஊசி தீர்க்கும். நெஞ்சில் உள்ள விலக்கத்தை ஊசி தீர்க்காது.

மிதிவண்டியும் இப்பாடத்தையே சொல்லித் தருகிறது. சங்கிலியில் உடை சிக்காதிருக்க மூடி வைத்தார்கள்; பின்சக்கரத்தில் சேலை சுற்றிக்கொள்ளாதிருக்க வலை கட்டினார்கள். பெண்ணை உடை மாற்றச் சொல்லாமல் இயந்திரத்தைத் திருத்திய செயல் இது. 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் வண்டியையே அவர்களிற் பலர் விரும்பினர்; அக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம். பெண்களுக்கு எது ஏற்றது என்று யாரோ வரைந்து வைத்ததை, தம் வாழ்வின் தேவை கொண்டு அவர்கள் திருத்திப் படித்தார்கள். வடிவமைப்பவர் அணிபவரிடமும் பயன்படுத்துபவரிடமும் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி மற்றொரு வினா. ஆடை உடலை மறைப்பதோடு நில்லாமல் பேசவும் செய்கிறது. அப்பேச்சு யாருடையது? பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பெரும்பந்தயத்தில் முன்னணி வீரர் அணியும் மஞ்சள் சட்டை 1919இல் தோன்றியது. பந்தயத்தை நடத்திய நாளிதழ் அச்சான தாளின் நிறமும் மஞ்சளே. வெற்றியின் சின்னமும் வணிகத்தின் விளம்பரமும் அன்றே ஒரே நூலில் நெய்யப்பட்டுவிட்டன. கல்கத்தாவின் மொகமடன் ஸ்போர்ட்டிங் அணி 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்றபோது, அதன் கறுப்பு வெள்ளை நிறத்தோடு ஒரு சமுதாயத்தின் பெருமிதமே கலந்திருந்தது. மக்கள் இத்துணை அன்பு செலுத்தும் ஆடை என்பதனால்தான், அதன் மார்பில் இடம் பிடிக்க வணிகர் பெரும்பொருள் கொட்டுகின்றனர்.

அவ்விடத்தில் சூதும், வட்டியும், மதுவும் வந்து அமர்ந்தால் இறைநம்பிக்கையுள்ள வீரர் என் செய்வார்? ஸ்பெயினின் செவில்லா அணிக்காக ஆடிய ஃபிரெடெரிக் கனூட்டே, 2006இல் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் தாங்கிய சட்டையை அணிய மறுத்தார். பெயரற்ற சட்டை அவருக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அவர் இணங்க நேர்ந்தது. 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் அணியில் பாப்பிஸ் சிஸ்ஸே வட்டிக் கடன் நிறுவனத்தின் பெயரை மறுத்தார். அவரும் இறுதியில் இணங்கினார். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லாவோ மதுபானச் சின்னமில்லாத சட்டையுடனேயே ஆடி வந்தார். அவருடைய நிர்வாகம் அதற்கு இடமளித்தது. முன்னவர் இருவரின் ஈமானைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை. அட்டையில் விழுந்த துளையை நெசவாளர் ஒருவர் மட்டும் எவ்வளவு காலம் எதிர்த்து நிற்க இயலும்? திருத்தம் அட்டை குத்துமிடத்தில் நிகழ வேண்டும். 2025–26 பருவத்தின் முடிவோடு சட்டையின் மார்பிலிருந்து சூதாட்டப் பெயர்களை நீக்குவதென இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அணிகள் 2023 ஏப்ரலில் முடிவு செய்தன. சட்டையின் கையை அம்முடிவு தொடவில்லை. எனினும் திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அது காட்டிற்று.

சட்டையின் முதுகில் வீரரின் பெயர். மார்பில் வணிகரின் பெயர். ஓரத்தில் நிறுவனத்தின் முத்திரை. தைத்தவரின் பெயர் எங்கே? திருப்பூரில் பின்னலாடை தைப்பவரும், ஆம்பூரில் காலணிக்குத் தோல் வெட்டுபவரும், 2014, 2022 உலகக் கோப்பைகளுக்குப் பந்து செய்தளித்த சியால்கோட்டின் தொழிலாளரும் பெயரற்றே நிற்கின்றனர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் ஊரின் பெயருக்காவது காப்பு உண்டு. தறியில் அமர்ந்தவரின் பெயரோ முந்தானையில் இல்லை. 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, தம் ஆடை எங்கே தைக்கப்பட்டது என்று உலகில் பலர் கேட்கத் தொடங்கினர்.

‘பெயர் சோறு போடுமா?’ என்று கேட்பர். பெயர் மட்டும் போடாதுதான். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தவர் நாம், முதற்கடன் கூலியே. ஆனால் பெயரற்றவனின் கூலியைக் குறைப்பது எளிது. முகம் தெரியாதவனின் பசியை மறப்பது அதனினும் எளிது. ஆதலின் பெயரை நினைப்பது கூலியை நினைப்பதற்கு முதற்படி.

‘விளையாட்டுச் சட்டைக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்போரும் உளர். நம் பிள்ளைகள் பள்ளி மைதானத்துக்கு அணிந்து செல்வதும் அச்சட்டையே. பருவந்தோறும் மாறும் வடிவத்துக்காக, கிழியாத சட்டையை எறிந்துவிட்டுப் புதியது கேட்பதும் நம் வீட்டில்தான். மகளுக்கு ஏற்ற உடை இல்லை என்று அவளை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுவதும் நம் வீட்டில்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் வரலாற்றைப் படித்துவிட்டு, உடை தைக்கச் சோம்பி மகளை உட்கார வைப்பது முறையாகுமா?

ஆகவே ஓர் ஆடையை வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்போம். இது அணிபவரின் உடலுக்கும் உள்ளத்துக்கும் இடம் தருகிறதா? இதன் மீது எழுதியிருப்பதை நம் நாவால் சொல்ல நாம் துணிவோமா? இதைச் செய்த கைக்கு உரியது கிட்டிற்றா? மூன்றாம் வினாவுக்குக் கடையில் விடை கிடைப்பது அரிது. ஆயினும் வாங்குவோர் பலரும் கேட்கத் தொடங்கினால், அட்டை குத்துவோர் செவியிலும் அது ஒருநாள் விழும். ஆடை மனிதனுக்காகவே என்று வாயால் சொல்வது எளிது. நெய்தவனும் அம்மனிதருள் ஒருவன் என்று எண்ணி உடுத்துவதே அமானிதம் பேணுவதாகும்.