யார் கை பட்டால் கடல் தீட்டாகும்?

பாம்பன் குந்துகால் கரையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. கட்டணம் கட்டினால் யாரும் போகலாம், சுற்றிப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். அதே பாம்பனில் சின்னப்பாலம் என்று ஒரு மீனவர் ஊர். அங்குள்ள பெண்கள் இரண்டு மூன்று தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிய கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். பவளப்பாறை கீறாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் அள்ளி வருவார்கள். 1986இல் குருசடை உட்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அன்று முதல் சட்டத்தின் கண்ணில் இவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள்.

ஆராய்ச்சியாளர் போனால் அனுமதிக் கடிதம். உல்லாசப் பயணி போனால் சீட்டு. பாசிக்காரி போனால் குற்றம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன? ஒருவர் கை பட்டால் கிணறு தீட்டாகும், இன்னொருவர் கை பட்டால் தீர்த்தமாகும் என்று நூற்றாண்டுகள் நம்பிய நாடு இது. ராமேசுவரத்துக்கு வருகிறவர் 22 தீர்த்தங்களில் குளித்துப் பாவத்தைக் கழுவுகிறார். கட்டியிருந்த துணியை அக்னி தீர்த்தக் கடலில் விட்டுப் போகிறவர்களும் உண்டு. கழுவிய பாவம் எங்கே போனது என்று தெரியாது. துணி கடலில்தான் கிடக்கிறது. அதைப் பக்தி என்கிறோம். கடலில் இறங்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்துவதை ஆக்கிரமிப்பு என்கிறோம். மனிதர் தொடாத இயற்கையே தூய இயற்கை என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். கருவறைக் கதவுக்கும் அதற்கும் உறவு நெருக்கம்.

பவளப்பாறையைக் காக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் காக்க வேண்டும். கண்டபடி பாசியைப் பிடுங்கினால் பாறையும் கெடும், பாசியும் அழியும். இதை முதலில் உணர்ந்தவர்களில் அந்தப் பெண்களும் உண்டு. மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சீகாலஜி அமைப்பு தன் பரிசைக் கொடுத்தது. தீவுகளைக் காப்பவருக்குத் தரும் பரிசு அது! கலிபோர்னியாவுக்குத் தெரிந்தது கரையில் நின்ற காவலுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்துச் செத்தன. காரணம் கடல் சூடேறியது. அந்தச் சூட்டில் பாசிக்காரியின் பங்கு எவ்வளவு, விமானம் ஏறி மதுரையில் இறங்கி, குளிரூட்டிய காரில் தனுஷ்கோடிக்கு வந்து, மாலையில் விடுதிக் குளியலறையில் உப்பு போகக் குளிக்கிறவரின் பங்கு எவ்வளவு? அரசு ஊழியர்கள் தண்ணியில்லாக் காடு என்று பெயர் வைத்த மாவட்டம் இது. விடுதிக் குழாயைத் திறக்கும்போது யாருக்காவது அது நினைவு வருகிறதா?

'அனைவரையும் உள்ளடக்கிய, நீடித்த சுற்றுலா' என்ற தலைப்பில் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் குவிகின்றன. 2002இல் பொறுப்பான சுற்றுலா பற்றிய கேப்டவுன் பிரகடனம் வரிசையைத் தெளிவாகவே வைத்தது: முதலில் மக்கள் வாழ நல்ல இடம், பிறகு மற்றவர் வந்து பார்க்க நல்ல இடம். ஆனால் ஆய்வு வினாநிரலோடு வருகிற மாணவர் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் யாரை நிறுத்துகிறார்? பயணியை. கழிப்பறை சுத்தமா, சாப்பாடு ருசியா, மறுபடி வருவீர்களா. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுங்கள். உள்ளூர்க்காரர் வந்தாலும் 'சமூகப் பங்கேற்பு' என்ற அத்தியாயத்தில் சங்கு விற்கிறவராகவோ படகோட்டியாகவோ வந்து போகிறார். குருசடைத் தீவைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எந்த அத்தியாயத்தில் வரும்?

தொண்டிக்கு அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியை ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டுதான் வனத்துறை நடத்துகிறது. ஆகவே முடியாது என்று சொல்ல வழியில்லை. குருசடைக்குச் சீட்டுக் கொடுக்கும் மேசையில் சின்னப்பாலத்துப் பெண் ஒருத்தி உட்காரட்டும். எத்தனை பேர் போகலாம், எந்த மாதம் போகக்கூடாது, வசூலில் ஊருக்கு எவ்வளவு என்பதை அவளும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அதன் பிறகு வாருங்கள் உங்கள் வினாநிரலோடு, அவளிடமும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்க.