கேட்காத பாட்டுக்குக் கூலி

தெருவில் பாடுகிறவர் நம் சம்மதம் வாங்கிக்கொண்டு தொடங்குவதில்லை. சினிமாவுக்கு முதலில் டிக்கெட், பிறகுதான் படம். சாப்பாட்டுக் கடையில் கடைசியில் காசு கொடுத்தாலும் தோசையைக் கேட்டது நாம்தான். தெருவிலோ பாட்டு காதில் விழுந்த பிறகே திறந்து கிடக்கும் கித்தார்ப் பெட்டி கண்ணில் படுகிறது. கேட்காமல் கிடைத்த ஒன்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா?

ஜொகூர் பாரு நகர மையத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் நடந்தால் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் விறகடுப்பில் ரொட்டியும் வாழைப்பழக் கேக்கும் சுட்டு வரும் ஹியாப் ஜூ பேக்கரி இருக்கிறது. கேக் வாங்க நின்ற வரிசைக்கு நேர் எதிரே கித்தாரோடு ஓர் இளைஞன் இடம் பிடித்திருந்தான். கெட்டிக்காரன்! வரிசையை விட்டுவிட்டு யாரும் நகரப் போவதில்லை. அதனால் எல்லாரும் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டார்கள். பாட்டைக் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள மனிதர்கள் படும் பாடு, பாடுகிறவன் படும் பாட்டைவிடப் பெரிது. கேட்டது தெரிந்துவிட்டால் கொடுக்க வேண்டுமே!

சிட்டி ஸ்குவேர் பக்கம் இன்னொரு வகையினரைப் பார்த்தேன். வேகமாக வருகிறார்கள், ஒரு வெள்ளி நோட்டைப் பெட்டியில் போடுகிறார்கள், நடை தளராமலே போய்விடுகிறார்கள். பாடியவர் ஆணா பெண்ணா என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. இவர்களைத் தாராள மனத்தினர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வெள்ளி பாட்டை எட்ட நிறுத்தும் சுங்கம். ஆனால், மாலையில் எண்ணிப் பார்க்கும்போது அந்த நோட்டும் நோட்டுதான். ரசித்துக் கைதட்டியவனின் கைதட்டலைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு அரிசி தரமாட்டார். இதையும் மறப்பதற்கில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், 1990களின் தொடக்கத்தில், தெருக் கலைஞர்களுக்கு அனுமதி கொடுத்தபோது வசூலை அறப்பணிக்குக் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். பிற்பாடுதான் சம்பாதித்ததைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றானது. பாட்டு பிச்சையாகிவிடக் கூடாது என்ற கவலையாக இருக்கலாம். என்றாலும், பாடுபவனுக்கே கூலி இல்லாமல் போனால் அவன் மானம் எப்படிக் காப்பாற்றப்படும் என்பது எனக்கு விளங்கவில்லை.

குறுந்தொகையின் ஏழாவது பாட்டில் பெரும்பதுமனார், காற்றில் வாகை நெற்றுகள் ஒலிப்பதற்கு ஓர் உவமை சொல்கிறார்: கயிற்றின் மேல் ஆடும் ஆரியக் கூத்தருக்காக அடிக்கப்படும் பறை. வடக்கிலிருந்து வந்த யாரோ ஒரு கழைக்கூத்தாடிக் குடும்பத்தின் முன்னால் அந்தப் புலவர் நின்றிருக்க வேண்டும். காசு போட்டாரோ என்னவோ, பறையின் சத்தத்தை மனத்தில் போட்டு வைத்திருக்கிறார். இது உயர்ந்த கூலி என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. கயிற்றின் மேல் நின்றவளிடம் கேட்டால் வேறு சொல்வாள்.

எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நடந்து போகிறவன் எதுவும் தர வேண்டியதில்லை. காற்றில் வந்தது காற்றோடு போகட்டும். கால் நின்றுவிட்டால் கடன் தொடங்கிவிடுகிறது. நின்று கேட்டுவிட்டு, பாட்டு முடியும் தறுவாயில் மெல்ல நழுவுவதுதான் தவறு. இதில் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. வாய் பிளந்து நிற்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் பெற்றோருக்கு இல்லை.

இந்தக் கணக்கை ராஜமாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் ஓர் அக்கா குழப்பிவிட்டார். 1911-இல் எழுந்த கோயில் அது. அதை ஒட்டிய ஜாலான் உங்கு புவானில் மாலைக்கடைகள் இருக்கின்றன. அங்கே கடைமுன் அஞ்சடி நடையில், பார்வையற்ற மலாய்ப் பெரியவர் ஒருவர் சின்ன ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பி. ரம்லியின் மலாய்ப் பாட்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தார். அக்கா கையில் நாரோடு எட்டிப் பார்த்து, “பாக்சிக், தமிழ் ஒன்னு!” என்றார். பெரியவர் சிரித்துவிட்டு ஒரு பழைய எம்.ஜி.ஆர். பாட்டை எடுத்தார். பல்லவியோடு நின்றுவிட்டார், மறுபடி அதே பல்லவி. அக்கா எழுந்து போய் இரண்டு வெள்ளி போட்டார்.

“அரைப் பாட்டுக்கு ரெண்டு வெள்ளியா அக்கா?” என்றேன்.

“அவருக்கு அவ்வளவுதான் தம்பி தெரியும். அடுத்த வாரம் சரணம் பாடுனா மிச்சம் தர்றேன்னு சொல்லியிருக்கேன். மூனு மாசமா இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”