எதிரே அமர்ந்திருக்கும் நண்பன்

2025 பிப்ரவரி 2-ஆம் தேதி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே என்ற கடலோர ஊரில் சென்னைப் பையன்கள் இருவர் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்தார்கள். ஒருவர் குகேஷ். ஏழு வாரங்களுக்கு முன்புதான் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனவர். மற்றவர் பிரக்ஞானந்தா, அவரைவிடச் சில மாதங்களே மூத்தவர். இருவரும் வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். 2020-இல் விஸ்வநாதன் ஆனந்த் தொடங்கிய பயிற்சிக் கழகத்தின் முதல் அணியில் ஒன்றாக இருந்தவர்கள். 2022-இல் மாமல்லபுரத்திலும் 2024-இல் புடாபெஸ்டிலும் நடந்த ஒலிம்பியாடுகளில் ஒரே அணிக்காக ஆடியவர்கள். அவ்வூரில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் அன்று குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடமும் பிரக்ஞானந்தா வின்சென்ட் கைமரிடமும் தோற்றிருந்தார்கள். 13 சுற்றுகளின் முடிவில் இருவருக்கும் 8.5 புள்ளிகள். பட்டம் யாருக்கு என்று முடிவுசெய்ய மின்னல்வேக ஆட்டம் வைத்தார்கள். முதல் ஆட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. மூன்றாவதில் பிரக்ஞானந்தா வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். சோர்ந்துபோன இருவரில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது. ஒருவன்மேல் அன்பு வைத்துக்கொண்டே அவனைத் தோற்கடிக்க ஆசைப்படலாமா? ஆசைப்பட்டால் அந்த அன்பு பொய்யா, அல்லது அந்த ஆசை பாவமா? சைவ சித்தாந்தம் ஆணவத்தை உயிரைப் பற்றியிருக்கும் மூல மலம் என்கிறது. வள்ளுவர் அழுக்காறாமைக்குத் தனி அதிகாரம் வைத்தார். நட்பைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் எழுதினார். இவற்றைப் பள்ளியிலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்த நம் வீடுகளில் இரண்டு பதில்கள் வழக்கத்தில் உண்டு. நண்பன் என்றால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்பார்கள் சிலர். போட்டி என்று வந்துவிட்டால் நட்பாவது ஒன்றாவது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு என்பதே என் முடிவு. நான் வெல்ல வேண்டும் என்ற ஆசை வேறு, அவன் தாழ வேண்டும் என்ற ஆசை வேறு. முதலாவதோடு நட்பு சேர்ந்தே வாழும், அதனால் வளரவும் செய்யும். இரண்டாவதுதான் வள்ளுவர் கடிந்த அழுக்காறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் பிள்ளைகள் ஒன்று முயற்சியை இழக்கிறார்கள், இல்லையென்றால் நண்பனை இழக்கிறார்கள்.

இரண்டும் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு பனிச்சறுக்கு நடனம். மலேசிய வெயிலில் வாழும் நமக்கும் அது அந்நியமில்லை. சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில் பழகிய ஜூலியன் யீ, 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் முதல் பனிச்சறுக்கு நடன வீரராக ஆடினார். இந்த ஆட்டத்தில் எதிராளியைத் தடுக்க வழியே கிடையாது. ஒவ்வொருவரும் தனியாகப் பனித்தளத்தில் இறங்கி ஆடிவிட்டு, நடுவர்களின் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஜப்பானின் யுசுரு ஹன்யுவும் ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸும் 2012 முதல் கனடாவின் டொரோண்டோவில் பிரையன் ஓர்சர் என்ற ஒரே பயிற்சியாளரிடம், ஒரே தளத்தில் பயின்றார்கள். 2016-இல் பாஸ்டனில் நடந்த உலகப் போட்டியில் முதல் நாள் ஆட்டத்தில் ஹன்யு 12 புள்ளிகள் முன்னால் இருந்தார். அடுத்த ஆட்டத்தில் ஃபெர்னாண்டஸ் அதைத் தாண்டித் தங்கம் வென்றார். மறு ஆண்டு ஹெல்சிங்கியில் கதை தலைகீழானது. முதலில் முன்னிலை பெற்றவர் ஃபெர்னாண்டஸ், ஹன்யு ஐந்தாம் இடத்தில் இருந்தார். ஹன்யு உலகச் சாதனையோடு எழுந்து தங்கம் பெற, ஃபெர்னாண்டஸ் பதக்கமே இல்லாமல் நான்காவதாக நின்றார். 2018 ஒலிம்பிக்கில் ஹன்யுவுக்குத் தங்கம், ஃபெர்னாண்டஸுக்கு வெண்கலம். அன்று இருவரும் கட்டித்தழுவிக்கொண்டார்கள், ஹன்யு அழுதார். ஆறு ஆண்டுகள் ஒரே தளத்தில் ஒருவர் விழுவதை மற்றவர் பார்த்திருக்கிறார். எத்தனை முறை விழுந்த பிறகு ஒரு தாவல் கைகூடியது என்பது வேறு எவரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

இங்கே ஒருவர் மறுக்கக்கூடும். பொறாமை தூரத்தில் இருப்பவன்மேல் வருவதில்லை, பக்கத்தில் இருப்பவன்மேல்தானே வருகிறது? பங்காளிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்வது அதைத்தானே? சரியான மறுப்புதான். ஆனால் பங்காளிக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே நிலத்தைப் பிரிக்கும்போது ஒருவனுக்குக் கூடுவது மற்றவனுக்குக் குறைவது. திறமை அப்படிப் பிரிபடும் சொத்து அல்ல. பிரக்ஞானந்தா ஒரு புதிய தொடக்க ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் குகேஷின் அறிவிலிருந்து எதுவும் கழிவதில்லை. அதை முறியடிக்க அவரும் ஒன்றைக் கற்பார். மேலும், பொறாமைக்காரனின் கண்ணில் படுவது மற்றவன் பெற்ற பலன் மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை அவன் பார்ப்பதில்லை, பார்க்க விரும்புவதும் இல்லை. சேர்ந்து பயில்பவனுக்கு அந்த வசதி கிடையாது. உழைப்பு தினமும் அவன் கண்முன்னே நடக்கிறது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் மனம் தெளிய நான்கு மனநிலைகளைச் சொல்கிறது. துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் பற்றின்மை. நட்பு யாரிடம்? இன்பமாக இருப்பவரிடம். இது நான் பலமுறை யோசித்துப் பார்த்த இடம். துன்பத்தில் உதவுபவனே நண்பன் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விழுந்தவனைத் தூக்கிவிடுவதில் தூக்குபவனுக்கு ஓர் உயரம் கிடைக்கிறது, அதனால் அது அவ்வளவு கடினம் இல்லை. நம்மைத் தாண்டிப் போனவன் மகிழ்ந்து நிற்கும்போது அவனருகே நிற்பதுதான் கடினம். பதஞ்சலி நட்பை அந்த இடத்தில் வைத்தார். பயிற்சி செய்து அடைய வேண்டிய நிலையாக வைத்தார், தானாக வருவதாகச் சொல்லவில்லை.

நம் மரபுக் கதைகளிலும் இது உண்டு. ஒட்டக்கூத்தரும் கம்பரும் ராமாயணம் பாடினார்கள் என்றும், கம்பரின் பாடலைக் கேட்ட கூத்தர் தம் ஏடுகளைக் கிழித்துப் போட்டார் என்றும், ஓடிவந்து தடுத்த கம்பரால் காப்பாற்ற முடிந்தது உத்தர காண்டம் மட்டுமே என்றும் வழிவழியாகச் சொல்கிறோம். வரலாறாக இதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு கதையைத் தமிழர் ஏன் விரும்பிப் போற்றினார்கள் என்பது முக்கியம். வென்றவனுக்குத் தோற்றவனின் படைப்பு வேண்டியிருந்தது என்பதுதான் அந்தக் கதை. திருவாலங்காட்டில் சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடினார்கள். சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவத்தில் காளி தோற்றாள். பெண் என்பதால் அவள் செய்யக் கூசிய ஒன்றைச் செய்து பெற்ற வெற்றி அது, நடுநிலையான போட்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்தத் தலத்தின் வழக்கம் கவனிக்கத்தக்கது. அங்கே காளியை முதலில் வணங்கிய பிறகே சிவனிடம் போக வேண்டும் என்பார்கள். போட்டியில் தோற்றவளுக்கு முதல் மரியாதை. காளியம்மன் கோயில்களைக் கட்டி வணங்கிய நம் தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாறாக நடந்த கதையும் நமக்குத் தெரியும். துரோணர் அர்ஜுனனுக்கு நிகராக ஒரு வில்லாளி இருக்க மாட்டான் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற ஏகலைவனின் கட்டைவிரல் போயிற்று. அர்ஜுனன் சிறந்த வில்லாளி ஆக ஆசைப்பட்டதில் குற்றமில்லை. தனக்கு நிகராக யாரும் இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டபோது, அதை ஆசிரியரே ஒப்புக்கொண்டபோது, ஆசை வழி தவறியது. துரோணர் ஏன் அப்படிப்பட்ட ஆசிரியரானார்? அவரும் துருபதனும் ஒரே குருகுலத்தில் சேர்ந்து படித்த நண்பர்கள். அரசனான பின் துருபதன் அவரை அவமதித்தான். அந்தக் காயத்தோடு மாணவர்களை வளர்த்தார், குரு தட்சிணையாகத் துருபதனையே பிடித்துவரச் சொன்னார். முறிந்துபோன ஒரு நட்பின் வன்மம் அடுத்த தலைமுறையின் கையில் ஆயுதமானது. போட்டியாளர்களின் மனம் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் பெரியவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். இதற்கு நேர் எதிரான ஆசிரியரைக் காண நாம் புராணத்துக்குப் போக வேண்டியதில்லை. 1986 முதல் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த ஆனந்தை 2023 செப்டம்பர் தரவரிசையில் குகேஷ் முந்தினார். ஆனந்த் தம் இடத்தைப் பறிக்கப்போகும் பிள்ளைகளைத் தாமே தேடிப் பயிற்றுவித்தார். 37 ஆண்டு இடத்தைக் காப்பாற்ற யாருடைய விரலும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. தங்கம் ஒன்றே. நான் வெல்ல வேண்டும் என்றால் அவன் தோற்க வேண்டும் என்றுதானே பொருள், இரண்டு ஆசை என்று பிரிப்பது வெறும் சொல்லடுக்கு அல்லவா? சதுரங்கத்தில் இது இன்னும் உறைக்கும், ஏனென்றால் அங்கே எதிராளி தவறாமல் வெற்றி அநேகமாகக் கிடையாது. சிங்கப்பூரில் 14-ஆவது ஆட்டத்தின் 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால்தான் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆசைகளையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. போட்டிக்கு முதல் நாள் நண்பன் காய்ச்சலில் விழுந்து விலகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வெல்ல மட்டும் விரும்பியவனுக்கு அது ஏமாற்றம், அவன் தேடிய வெற்றி அந்தப் போட்டிக்குள்தான் இருந்தது. நண்பன் தாழ வேண்டும் என்று விரும்பியவனுக்கு அது நிம்மதி. ஒரே ஆசையாக இருந்தால் ஒரே செய்தி ஒருவனை வாட்டி மற்றவனை மகிழ்விக்காது. குகேஷ் வென்ற அன்றே செய்தியாளர்கள் முன் டிங்கை உண்மையான சாம்பியன் என்று புகழ்ந்ததும் இந்த வேறுபாட்டால்தான் பொருள்படுகிறது. எதிராளியைச் சிறுமைப்படுத்தினால் அவனை வென்ற வெற்றியும் சிறுத்துப்போகும்.

பற்றற்றவனுக்கு வெற்றி ஆசையே எதற்கு என்று கீதையைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. கீதை போர்க்களத்தில், வில்லைக் கீழே போட்டவனிடம் சொல்லப்பட்டது. பலனில் பற்றை விடு என்றது, முயற்சியை விடச் சொல்லவில்லை. நண்பனுக்காக வேண்டுமென்றே தோற்பவன் பற்றற்றவன் ஆகிவிடுவதில்லை. அவனை ஏமாற்றுகிறான், அவன் உழைப்புக்கு உரிய பதிலைத் தர மறுக்கிறான். போட்டியே வேண்டாம், கூட்டுறவு போதும் என்பவர்களுக்கு நம் ரவாங் ஊரின் வரலாறே துணை நிற்கும். தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் இங்கே கூட்டாக நடத்திய ஈயச் சுரங்கத்தில்தான் மலாயாவில் முதன்முதலாக மின்சாரப் பம்புகள் ஓடின. தொழிலுக்கும் ஊருக்கும் அது பொருந்தும். ஒரு கலையில் தன் எல்லை எது என்று அறிய விரும்புகிறவனுக்கோ எதிரே ஒருவன் முழு பலத்தோடு நிற்க வேண்டும்.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இதெல்லாம் உச்சத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தும், ஓர் இடத்துக்கு நூறு பேர் முட்டிமோதும் இடத்தில் பொருந்துமா என்பது அது. மாஸ்கோவில் பனிச்சறுக்கு நடனப் பயிற்சியாளர் எத்தேரி துத்பெரிட்ஸேயிடம் சேர்ந்து பயின்ற மெத்வதேவாவும் ஸகித்தோவாவும் 2018 ஒலிம்பிக்கின் நெடு ஆட்டத்தில் ஒரே மதிப்பெண் பெற்றார்கள், 156.65. முதல் ஆட்டத்தில் இருந்த 1.31 புள்ளி வேறுபாட்டில் 15 வயது ஸகித்தோவாவுக்குத் தங்கம் போயிற்று. அதே ஆண்டு மெத்வதேவா அந்தப் பயிற்சிக்கூடத்தை விட்டு டொரோண்டோவுக்குப் போனார். அவர்கள் மனத்துக்குள் என்ன நடந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதினைந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் தோளில் அத்தனை பாரம் ஏற்றிய ஏற்பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம். பற்றாக்குறை நட்பைச் சோதிக்கிறது, பல நேரம் உடைத்தும் விடுகிறது. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து ரவாங், செரண்டா, பெஸ்தாரி ஜெயா குடியிருப்புகளுக்கு வந்த நம் குடும்பங்களுக்கு இது தெரியாததல்ல. எஸ்.பி.எம். தேர்வை முடித்த நம் பிள்ளைகள் மெட்ரிகுலேஷன் இடத்துக்காக ஆண்டுதோறும் காத்திருக்கிறார்கள். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்த இருவரில் ஒருவருக்கு அழைப்பு வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் பதஞ்சலியைப் பேசுவதற்கு முன் இடங்களைக் கூட்டக் கேட்டுப் போராடுவது பெரியவர்களின் கடமை. இடம் போதாத குற்றத்தை இரண்டு பிள்ளைகளின் நட்பின்மேல் சுமத்தக் கூடாது.

இதுவரை நம் கையில் இல்லாததைச் சொன்னேன். நம் கையில் இருப்பதும் உண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிந்தது, ஒப்பிடும் பழக்கம் ஒழியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைப் பார் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. அப்படிச் சொல்லும்போது துரோணரின் வாக்கைத்தான் நாமும் நம் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் ஆலய நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பரிசளிப்பு விழாவில் முதல் பரிசு பெறும் பிள்ளையிடம், யாரோடு சேர்ந்து படித்தாய் என்று மேடையிலேயே கேளுங்கள், அந்தப் பிள்ளையையும் மேடைக்கு அழையுங்கள். பெற்றோரே, தேர்வு முடிவு வரும் நாளில் உங்கள் மகனிடமோ மகளிடமோ, உன் நண்பன் எத்தனை எடுத்தான் என்று கேட்காதீர்கள். அவனுக்கு வாழ்த்துச் சொன்னாயா என்று கேளுங்கள்.