யாருக்கு வலி குறைந்தது?

முட்டி வலிக்கிறது என்று போனால் டாக்டர் கேட்பார்: "பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?" நாம் ஆறு என்போம், ஏழு என்போம். அவர் எழுதிக்கொள்வார். எக்ஸ்ரே மூட்டின் தேய்மானத்தைக் காட்டும், வலியைக் காட்டாது. வலிக்கு இருக்கும் ஒரே நேரடி சாட்சி, வலிப்பவரின் சொல்தான். அந்தச் சொல் இல்லாத ஓர் உயிருக்கு வலி குறைந்ததா இல்லையா என்று யார் சொல்வது?

எங்கள் வீட்டு லாப்ரடார் ஜிம்மிக்கு 12 வயது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. தினமும் வலி மாத்திரை. நாள்பட்டால் இந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கலாம் என்பதால், கூடவே லேசர் சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். வாரம் இரண்டு தடவை. அறையில் இருக்கும் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ஜிம்மிக்கும் ஒன்று. ஒளி வரும் கைப்பிடியை அவன் இடுப்பின்மேல் மெதுவாக நகர்த்துவார்கள். அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தடவிக்கொடுப்பாள். மூன்றாவது வாரம் அம்மா சொன்னாள்: "எவ்ளோ நல்லா நடக்கிறான் பாருடா. இனிமே எதுக்கு அந்த மாத்திரை? நிறுத்திடலாமா?"

லேசரை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் முடியை மழித்து, வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி வேகமாக முளைத்தது. இன்றைய சிகிச்சையின் தொடக்கம் அது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பது பரவலான விளக்கம். 2018இல் கனடாவின் கால்நடை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழங்கை மூட்டு தேய்ந்த 20 நாய்கள். ஏறக்குறையப் பாதிக்கு நிஜ லேசர், மீதிக்குப் போலி. நிஜ லேசர் பெற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வலி மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஆக, வேலை செய்யலாம். ஆனால் 20 சின்ன எண்ணிக்கை. தவிர, எங்கள் கேள்வி நாய்களைப் பற்றியது இல்லை, இந்த ஒரு நாயைப் பற்றியது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஆய்வு, 2012இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. மூட்டுவலியால் நொண்டும் நாய்களுக்கு மருந்தே இல்லாத போலி மருந்தைக் கொடுத்தார்கள். தரையில் பதித்த ஒரு தட்டு, நாய் எந்தக் காலில் எவ்வளவு எடையை ஊன்றுகிறது என்று அளந்தது. தட்டின் கணக்கில் முன்னேற்றம் இல்லாத நாய்களையும் 'தேறிவிட்டது' என்று சொன்னவர்கள் கணிசமானவர்கள். வளர்ப்பவர்கள் மட்டும் இல்லை, மருத்துவர்களும்தான்.

மனிதர்களிடம் இதே விஷயம் வேறு மாதிரி. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். போலி மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு, ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்தார்கள். வலி திரும்பக் கூடியது. அதாவது அவர்களுடைய நம்பிக்கை வெறும் கற்பனை இல்லை. உடம்பே தன் வலிநிவாரணியைச் சுரந்திருக்கிறது. நம்பியவரும் வலிப்பவரும் ஒரே ஆள் என்பதால் அந்த நம்பிக்கைக்குப் பலன் இருந்தது. ஜிம்மி விஷயத்தில் நம்புவது அம்மா. வலிப்பது ஜிம்மிக்கு. அம்மாவின் நம்பிக்கை எவ்வளவு சுரந்தாலும் அவன் இடுப்புக்குப் போய்ச் சேராது.

இன்னொரு உயிர் படும் வேதனையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளியிலிருந்தே படித்து வளர்ந்தவர்கள் நாம். அம்மா அதைத்தான் செய்தாள். ராத்திரி அவன் எழுந்திருக்கத் திணறினால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். சிக்கல் இங்கேதான். அப்படி எடுத்துக்கொண்ட வலி நம்மிடம் தணிந்ததும், அங்கேயும் தணிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இது அன்பு குறைந்தவர்களுக்கு வரும் பிரச்சினை இல்லை. அன்பு அதிகமாக இருப்பவர்கள்தான் இதில் எளிதாக மாட்டுகிறார்கள், ஏனென்றால் நல்ல சேதிக்காக ஏங்குபவர்கள் அவர்கள்.

என் வேலையில், ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று அதைச் செய்தவனிடம் கேட்டு முடிவுசெய்ய மாட்டோம். மருத்துவருக்குக் காட்டுவதற்காக வாராவாரம் வராந்தாவில் ஜிம்மி நடப்பதை போனில் எடுத்து வைத்திருந்தேன். அதில் மூன்றை வரிசை மாற்றி, எது எப்போது எடுத்தது என்று சொல்லாமல் சித்தி பையனிடம் காட்டினேன். "மூணும் ஒரே மாதிரிதாண்ணா இருக்கு" என்றான். அவன் கண் அந்த ஆய்வுத் தட்டு இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு எங்களிடம் சாட்சியம் இல்லை என்பதற்கு அது போதும். மருத்துவரும் அதையே சொன்னார். மாத்திரை தொடர்கிறது. வழுக்கும் டைல்ஸ்மேல் பாய் விரித்திருக்கிறோம். எடையைக் குறைக்கச் சோற்றைக் குறைத்திருக்கிறோம்.

"லேசரால் என்ன கெட்டுப்போகும்? வலிக்காது, பெரியவங்களுக்கும் ஒரு நிம்மதி" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முதுமையைக் கூட இருந்து பார்ப்பவர்களுக்கு ஆறுதல் வேண்டும். அதற்குப் பணம் செலவழிப்பதும் குற்றமில்லை. அம்மா இப்போதும் அவனை லேசருக்குக் கூட்டிப்போகிறாள், நான்தான் கார் ஓட்டுகிறேன். கெட்டுப்போவது வேறு இடத்தில். நமக்கு நிம்மதி வந்ததும் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். 12 வயது நாய்க்கு ஆறு வாரம் என்பது சின்னக் காலம் இல்லை. அந்த ஆறு வாரமும் அது வலியோடு கிடந்தாலும் நம்மிடம் வந்து புகார் சொல்லாது. நம்மைப் பார்த்தால் வாலையும் ஆட்டும்.

நமக்கு ஆறுதல் தேடிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆறுதலை அதன் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.