யார் எச்சில்?

நங்கநல்லூரில் தனி வீடுகள் பலவும் அடுக்ககங்களாகிவிட்டன. அடுக்களைச் சட்டங்கள் சில மட்டும் லிஃப்ட் ஏறி மேலே வந்திருக்கின்றன. சாதப் பாத்திரத்தைத் தொட்ட கை பத்து. கழுவாமல் தயிரைத் தொடக்கூடாது. டம்ளரைத் தூக்கிக் குடிக்கணும், உதட்டில் பட்டால் எச்சில். வேலைக்கு வருகிற அம்மாவுக்கு ஜன்னல் திட்டில் தனி டம்ளர்.

முதல் இரண்டையும் சுகாதாரம் என்று சொன்னால் பாதி ஒத்துக்கொள்ளலாம். காலரா பார்த்த ஊர் இது. ஆனால் அந்தத் தனி டம்ளரும் அதே குழாயில், அதே சோப்பில்தான் கழுவப்படுகிறது. கழுவிய பிறகும் தனியாகவே இருக்கிறது. அப்படியானால் அங்கே பயம் கிருமியைப் பற்றியது இல்லை. என் உடம்பு மூடி வைத்த சுத்தமான பாத்திரம், இன்னொருவர் மிச்சம் பட்டால் அது கெடும் என்பதுதான் அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. இது உடம்பைப் பற்றிய ஒரு தகவல். சரியா தப்பா என்று பார்க்கலாம், இல்லையா?

சிறுகுடலால் செரிக்க முடியாத நாரும் மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அந்த மிச்சத்தைத் தின்று, பியூட்டிரேட் போன்ற அமிலங்களைக் கழிவாக விடுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அந்தக் கழிவுதான் சாப்பாடு. தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அவை இதிலிருந்தே எடுக்கின்றன. நம் எச்சிலை அவை, அவற்றின் எச்சிலை நாம்.

பியூட்டிரேட்டை எரிக்கும்போது செல் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகிறது. அதனால் குடலின் உட்புறம் ஆக்சிஜன் இல்லாமல் இருக்கிறது. பியூட்டிரேட் தருகிற பாக்டீரியாக்களுக்கு வேண்டியதும் அந்தச் சூழல்தான். ஆன்டிபயாட்டிக் அவற்றை அழித்தால் செல் குளுக்கோஸுக்கு மாறுகிறது, ஆக்சிஜன் உள்ளே கசிகிறது, சால்மோனெல்லா மாதிரியானவை பெருகுகின்றன. நோயெதிர்ப்புப் படையை அடக்கி வைக்கும் செல்கள் உருவாகவும் பியூட்டிரேட் உதவுகிறது. அது குறைந்தால் அழற்சிக்கு வழி திறக்கிறது.

கிருமியே படாமல் வளர்க்கப்படும் ஆய்வக எலிகள் உண்டு. மடியின் லட்சியம் என்றால் அந்த எலிதான்! 2011இல் அவற்றின் பெருங்குடல் செல்களைப் பார்த்தார்கள். ஆற்றல் இல்லாமல் தம்மையே தின்னத் தொடங்கியிருந்தன. பியூட்டிரேட் கொடுத்ததும் அது நின்றது.

நம்ம பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில், பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2000இல் வெளியிட்டார்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்தபோது பேதி சீக்கிரம் நின்றது. பாக்டீரியா அதைப் புளிக்க வைத்துத் தரும் அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன என்பதே அவர்கள் கணக்கு. சோறு ஆறினாலும் இந்த வகை மாவுச்சத்து கொஞ்சம் கூடும். சுவாமிக்கு ஆகாத பழையது, பாக்டீரியாவுக்கு ஆகும்.

இந்த இடத்தில் "பாத்தியா, குடலே சமத்துவம் சொல்லுது" என்று முடிக்க ஆசை வரும். எனக்கு அதில் சம்மதமில்லை. குடல் எல்லையும் போடுகிறது. பாக்டீரியாவுக்கும் செல்லுக்கும் நடுவே சளிப்படலம் இருக்கிறது. தாண்டி வந்தால் தாக்குதல்தான். அவரவர் அவரவர் இடத்தில் என்று சொல்ல விரும்புகிறவருக்கு இதுவே போதும். தலை, தோள், தொடை, பாதம் என்று சமூகத்தை உடம்பாக வரைந்து காட்டியதன் பலனை நாம் நிறையவே பார்த்தாயிற்று. இன்னொரு உறுப்பைச் சேர்த்து அதே படத்தை நல்லெண்ணத்தோடு வரைவதும் ஆபத்துதான். யாரோடு எப்படிப் பழக வேண்டும் என்பதைக் குடலிடம் கேட்க முடியாது.

ஆனால் தனி டம்ளர் இத்தனை நாள் உடம்பைத்தான் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சாட்சி பொய் என்று காட்டுவது வேறு வேலை. அதை உயிரியல் செய்யும். அதற்குப் பிறகு, டம்ளரைப் பிரித்து வைப்பவர் காரணத்தைத் தன் பெயரிலேயே சொல்லியாக வேண்டும். கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "என்னமோ, பழக்கமாயிடுத்து" என்றுதான் பதில் வரும்.