கூலிக்கு அழுத சிறுவன்

ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில், 1618-ஆம் ஆண்டு, வெலாஸ்கெஸ் என்னும் 19 வயது ஓவியர் ஒரு சமையலறையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். மேசைமேல் நான்கு மீன்கள், இரண்டு முட்டைகள், பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய். சிற்றுரலில் எதையோ இடித்துக்கொண்டிருக்கும் இளம் பணிப்பெண். அவள் பின்னே விரல்நீட்டிப் பேசும் மூதாட்டி. வலப்பக்க மூலையில், சிறு சட்டத்திற்குள், இயேசுவின் காலடியில் மரியா அமர்ந்திருக்கிறாள். லூக்கா நற்செய்தியின் மார்த்தா-மரியா நிகழ்ச்சிதான் அது. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இன்றும் அதைக் காணலாம்.

இத்தகைய ஓவியம் பயில்வோர்க்கு முதல் இடர்ப்பாடு ஒளியே. மீனை ஒருநாளும் முகத்தை மறுநாளும் வரைந்தால், தனித்தனியே அழகாயிருக்கும். ஓர் அறை உருவாகாது. ஒரே சாளரத்தின் ஒளி எல்லாவற்றின்மீதும் ஒரே பக்கமிருந்து விழவேண்டும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்ல உலர்வதால், பிழையைத் துடைத்துவிட்டு மீண்டும் தீட்டலாம்; விளிம்புகளை இருளோடு இழைக்கலாம். இந்தப் பொறுமை மீனுக்கும் வேண்டும், முகத்துக்கும் வேண்டும். மீனைப் பார்க்கும் அதே கண்ணால் மனிதரைப் பார்க்கலாமா என்ற வினாவும் இங்கேதான் எழுகின்றது.

வெலாஸ்கெஸின் ஆசிரியரும் மாமனாருமான பச்சேகோ ஒரு செய்தியைப் பதிவுசெய்துள்ளார். அவருடைய நூல் அவர் இறந்தபின் 1649-இல் வெளிவந்தது. மாணவப் பருவத்தில் வெலாஸ்கெஸ் ஓர் உழவர்குலச் சிறுவனைக் கூலிக்கு அமர்த்தி, அவனை அழவும் சிரிக்கவும் செய்து, நீலத்தாளில் கரிக்கோலால் பல தலைகளை வரைந்தாராம். உருவம் வரைவதில் அவருக்கு வாய்த்த உறுதி இப்பயிற்சியால் வந்தது என்று ஆசிரியர் பெருமையோடு எழுதுகிறார். சிறுவனின் பெயரை அவர் எழுதவில்லை.

கூலி கொடுத்தாயிற்றே என்று சிலர் சொல்லலாம். மருத்துவம் பயில்வோரும் நோயாளியின் உடலைக்கொண்டுதானே கற்கின்றனர்? உண்மைதான். ஆயினும் நோயாளிக்கு நலம் உண்டாகலாம். அச்சிறுவனின் கண்ணீரால் நலம் பெற்றவர் வரைந்தவர் மட்டுமே. என் மனம் இதில் முழுமையாக அமைதியடைவதில்லை.

அந்தப் பணிப்பெண்ணை மீண்டும் பார்க்கிறேன். அவள் அழவில்லை, சிரிக்கவுமில்லை. வேலையால் சிவந்த கைகள், கனத்த இமைகள். கடிந்துகொள்ளப்பட்டவளோ, களைத்தவளோ, சொல்ல இயலாது. ஓவியர் அதைச் சொல்லும்படி அவளைக் கட்டாயப்படுத்தவுமில்லை. மீனின் செதிள்களைத் தெளிவாகக் காட்டிய அதே கை, அவள் உள்ளத்தை அவளிடமே விட்டுவிட்டது. அச்சிறுவனிடம் கற்றதுதானோ இது?