வாயைக் கட்டச் சொல்லுமுன்

‘சுகர்’ என்று தெரிந்த அன்றே “வாயைக் கட்டுங்க” என்ற புத்திமதியும் வந்துவிடுகிறது. சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளி எதைக் கொண்டு கட்டுவார் என்பதை யாரும் சொல்வதில்லை. ராத்திரி ஷிப்டு விட்டு, தறிச் சத்தம் காதில் அடங்காமல் அவர் தெருவுக்கு வருகையில் விளக்கெரிவது பரோட்டாக் கடையில்தான். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை வீசி, மடித்து, சுருட்டிக் கல்லில் போடுகிறார் மாஸ்டர். மேலே இன்னொரு கரண்டி எண்ணெய். வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் தட்டிப் பிய்த்துச் சால்னா ஊற்றினால் வயிறும் நிறையும், கூலிக்கும் கட்டுபடியாகும். கூழ் வண்டியோ வெயிலோடு போய்விட்டது.

குற்றம் நாக்கின்மேல்தானா? தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிய எடையுள்ள பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேருக்கு ஒன்றாக நாக்கு நீண்டுவிட்டது என்பதை நம்ப முடியவில்லை. சுற்றியுள்ள கடையும் விலையும் வேலையும் மாறியிருக்கின்றன.

அந்தக் கடைகளில் ரேஷன் கடையும் ஒன்று. அங்கே பாமாயில் லிட்டர் 25 ரூபாய். விலைவாசி ஏறிய காலத்தில் அது ஏழை அடுப்பைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே அனுப்புவதும் அதே அரசுதான். மலிவு எண்ணெயைக் கையில் கொடுத்தவர், எண்ணெயைக் குறை என்று சொன்னால் அந்தச் சொல் எடுபடுமா?

அதற்காகப் பரோட்டாவைத் தடை செய்யலாம் என்பது ஆணவம். உழைப்பவருக்கு மிஞ்சிய ஒரு ருசியைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. குழந்தைகள் விஷயம் வேறு. அவர்கள் தெரிந்து தேர்ந்தெடுப்பதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. நியாயம்தான். குறுகலான தெருவில் 50 மீட்டர் என்பது ஒரு பெட்டிக்கடையின் முழுப் பிழைப்பு என்பதும் உண்மை. விதி பாய வேண்டியது சரம் சரமாய்த் தொங்கும் பாக்கெட்டுகள்மேல். நெல்லிக்காயும் அவித்த கடலையும் விற்கிற ஆச்சியின்மேல் அல்ல.

தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023இல் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்கும் அதைக் கொண்டுவாருங்கள்; பாமாயிலுக்கு மாற்றையும் சேர்த்து வையுங்கள். புத்திமதி அதற்கப்புறம் வரட்டும்.